பகலில் நின்ற லாரிகளும் இரவில் ஏறிய புகையும்: திருவொற்றியூரில் ஒரு காற்று அளவீடு

திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்பை ஒட்டிச் செல்லும் சாலையில், பள்ளிப் பொதுத்தேர்வு நடக்கும் வாரங்களில் மட்டும் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கன்டெய்னர் லாரிகளும் டிரெய்லர்களும் செல்லக் கூடாது என்று தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. துறைமுகத்துக்கும் மணலி, மாதவரம் பக்கத்துச் சரக்குப் பெட்டகக் கிடங்குகளுக்கும் இடையே ஓடும் வண்டிகள் இவை. பிள்ளைகள் விபத்தில்லாமல் தேர்வுக்குப் போய்வர வேண்டும் என்பதே தடையின் நோக்கம் என்றாலும், தெருவில் பேச்செல்லாம் புகையைப் பற்றியே இருந்தது. இத்தனை வருடங்களாக ஜன்னல் கம்பியில் கரியைத் துடைத்துக்கொண்டிருப்பவர்கள், லாரி நின்றால் காற்று எவ்வளவு மாறும் என்று அறிய விரும்பியது இயல்புதான். தடை வரப்போவது சில வாரங்கள் முன்னதாகவே தெரிந்துவிட்டதால் அதை முறையாக அளந்து பார்க்க எனக்கு அவகாசம் கிடைத்தது. தொழிற்சாலை ஒன்றில் அளவீட்டுக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பதால் கருவி கட்டுவதில் எனக்குச் சிரமம் இல்லை. அளந்த எண்ணிலிருந்து தடையின் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுப்பதுதான் கடினமான வேலை. இந்தப் பதிவில் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

தடைக்கு முந்தைய வாரத்தின் சராசரியையும் தடை வாரத்தின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்தால் போதும் என்று முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் வானிலையின் கணக்குதான். 2008 ஒலிம்பிக்கை ஒட்டிப் பெய்ஜிங்கில் ஜூலை 20 முதல் செப்டம்பர் 20 வரை ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் முறையில் வாகனங்களைக் குறைத்தார்கள். பல ஆலைகளை மூடினார்கள் அல்லது உற்பத்தியைக் குறைக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் துகள் அளவு ஏறி இறங்கியதில், கட்டுப்பாடுகளைவிடக் காற்றின் திசைக்கும் மழைக்கும் ஈரப்பதத்துக்கும் கூடுதல் பங்கு இருந்தது என்று பின்னர் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. டெல்லியில் 2016 ஜனவரி 1 முதல் 15 வரை காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை தனியார் கார்களுக்கு இதே முறை நடைமுறையில் இருந்தபோதும், ஒரே காலகட்டத்தின் எண்களை வைத்து ஒருவர் பலன் உண்டென்றும் இன்னொருவர் பலன் இல்லையென்றும் எழுதினார்கள். 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய பொதுமுடக்கத்தில் காற்று தெளிந்தது உண்மை. ஆனால் குளிர்காலம் முடிந்து வெயில் ஏறும் அந்த வாரங்களில் காற்று எந்த வருடமும் ஓரளவு தானாகவே தெளியும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

வடசென்னையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். மாசி கழிந்து பங்குனி பிறக்கும்போது வடகிழக்குக் காற்று ஓய்ந்து, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வலுக்கத் தொடங்குகிறது. அதிகாலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று மெல்ல வீசும். அப்போது ஆலைகள் நிறைந்த மணலியின் காற்று எங்கள் மேல் வருகிறது. பகல் ஏறியதும் கடற்காற்று புகுந்து அதையெல்லாம் திரும்ப மேற்கே தள்ளிவிடுகிறது. காற்று வடக்கிலிருந்து வந்தால் அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களும் எண்ணூரின் நிலக்கரி யார்டுகளும் கணக்கில் வந்துவிடும். ஆகவே இங்கே ஒரு கருவியை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, இன்று குறைந்தது, நாளை கூடியது என்று சொல்வதில் பொருளில்லை.

கருவி

துகளை அளக்க பி.எம்.எஸ் 5003 என்ற சிறு சென்சாரைத் தேர்ந்தெடுத்து ரிச்சி தெருவில் வாங்கினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய உலோக உறைக்குள் ஒரு விசிறி, ஒரு லேசர், ஓர் ஒளி உணரி. விசிறி இழுக்கும் காற்று லேசர் கதிரின் குறுக்கே போகும்போது துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. பக்கவாட்டில் இருக்கும் உணரி அந்த ஒளியை வாங்குகிறது. அதிலிருந்து துகள்களின் அளவையும் எண்ணிக்கையையும் கணித்து, அவற்றின் எடையை ஒரு கனமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று சொல்கிறது. இது ஒளியிலிருந்து ஊகித்த எடை என்பதைக் கடைசிவரை மறக்கக் கூடாது. மணலி, ராயபுரம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் உள்ள அரசின் தொடர் கண்காணிப்பு நிலையங்களில் பரவலாகப் பயன்படும் பீட்டா கதிர்க் கருவி, நாடாவில் படிந்த துகள்கள் கதிரை எவ்வளவு தடுக்கின்றன என்று பார்த்து எடையை நிர்ணயிக்கிறது. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தையும் போக்கிவிடுகிறது. நம் சென்சாரில் அந்த வசதி கிடையாது.

மின்சுற்று எளியது. சென்சாருக்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். தகவல் கம்பி 3.3 வோல்ட்டில் பேசும் என்பதால் ஈ.எஸ்.பி 32 என்ற சிறு கணினிப் பலகையில் நேரடியாகவே இணைக்கலாம். தகவல் வரும் வேகம் 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட். ஒவ்வொரு முறையும் 32 பைட் கொண்ட ஒரு தொகுப்பு வரும்; முதல் இரண்டு பைட்டுகள் பதினாறடிமான எண்ணில் 42, 4டி என்று தொடங்கும்; கடைசி இரண்டும் கூட்டுச் சரிபார்ப்பு. கூட்டு பொருந்தாத தொகுப்பைத் தயங்காமல் தூக்கியெறிய வேண்டும். தொகுப்புக்குள் ஒரே துகள் அளவுக்கு இரண்டு வகை எண்கள் இருக்கும். ஒன்று தயாரிப்பாளரின் அடிப்படைக் கணக்கு, மற்றொன்று வெளிக்காற்றுக்கென்று மாற்றிய கணக்கு. துகள் அதிகமாகும்போது இரண்டும் விலகிப்போகும் என்பதால், முதல் வகையை மட்டுமே தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்துக்கொண்டேன். சென்சாரை இயக்கியவுடன் வரும் முதல் அரை நிமிட எண்களைச் சேர்க்கவில்லை. மீதியை நிமிடத்துக்கு ஒரு சராசரியாக மெமரி கார்டில் எழுதச் செய்தேன். நேரத்துக்கு டி.எஸ் 3231 கடிகாரச் சில்லு. அது வருடத்துக்கு ஒரு நிமிடத்தளவே பிசகும் என்பதால் மூன்று பெட்டிகளின் நேரமும் ஒத்துப்போனது. மின்வெட்டுக்குச் சார்ஜருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பவர் பேங்க்.

பெட்டிக்குச் சுவரில் மாட்டும் பிவிசி ஜங்ஷன் பாக்ஸ். சென்சாரின் உள்வாயும் வெளிவாயும் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தி, இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தட்டியை ஒட்டினேன். இல்லையென்றால் தான் விட்ட காற்றையே திரும்ப இழுக்கும். வாயில் கொசுவலைத் துண்டு, வெளியே வெள்ளைப் பெயின்ட். ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் அளக்கும் பி.எம்.இ 280 சில்லைப் பெட்டிக்கு வெளியே, நிழலில் தொங்கவிட்டேன். பெட்டிக்குள் வைத்தால் அது வெளிக்காற்றைவிட்டுப் பெட்டியின் சூட்டைச் சொல்லத் தொடங்கிவிடும். கடல் இவ்வளவு அருகில் இருப்பதால் இணைப்பு முனைகள் சில வாரங்களிலேயே பச்சை பூத்துவிடுகின்றன. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, பற்றவைத்த இடங்களில் நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு முறை தடவினேன். அதன் பிறகு தொல்லையில்லை.

மூன்று பெட்டிகளையும் தடைக்கு முன்பும், எல்லாம் முடிந்த பிறகும், என் மொட்டைமாடியில் ஒரே கம்பியில் அருகருகே கட்டிச் சில நாட்கள் ஓடவிட்டேன். இது மிக முக்கியமான வேலை, பலரும் விட்டுவிடும் வேலையும்கூட. ஒரே காற்றை இழுக்கும்போது மூன்றும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. ஆனால் ஒன்று எப்போதும் மற்ற இரண்டைவிடக் கூடுதலாகக் காட்டியது. இந்த வகைச் சென்சார்களுக்கு 100 மைக்ரோகிராம் வரையான காற்றில் 10 மைக்ரோகிராம் முன்னும் பின்னும் வேறுபாடு வரலாம் என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். நாம் தேடும் மாற்றமே அந்த அளவுதான் இருக்கப்போகிறது என்றால், இந்த வேறுபாட்டைத் திருத்தாமல் மேலே போக முடியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெருக்கு எண்ணைக் கண்டுபிடித்து மூன்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தேன். இறுதியில் மீண்டும் அருகருகே வைத்தபோது அந்த எண்கள் பெரிதாக மாறியிருக்கவில்லை.

இடம்

முதல் பெட்டி தடை விதிக்கப்பட்ட சாலையை ஒட்டி, ஜெராக்ஸ் கடையின் மாடிக் கைப்பிடிச் சுவரில். அதைவிட வசதியான இடம் எதிரே டீக்கடையின் கூரைதான். ஆனால் பஜ்ஜி போடும் எண்ணெய்ச் சட்டியின் புகை லாரிப் புகையைவிட அதிகத் துகள்களைக் காட்டும் என்பதால் அதைத் தவிர்த்தேன். இரண்டாவது பெட்டி, சாலையிலிருந்து சில தெருக்கள் உள்ளே தள்ளியிருக்கும் என் வீட்டு மொட்டைமாடியில். மூன்றாவது, எர்ணாவூர்ப் பக்கம் தங்கை வீட்டு மாடியில். அவர்கள் வீட்டு முன்னால் போகும் சாலையிலும் இதே மாதிரி கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. அங்கே தடை இல்லை. மாற்றுப்பாதையில் திருப்பிவிடப்படும் வண்டிகள் அந்தச் சாலைக்குப் போகாது என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே அந்த இடத்தைத் தேர்ந்தேன். திருப்பிவிட்ட லாரிகளே ஒப்பீட்டுச் சாலையில் வந்து ஓடினால் தடையின் பலன் இரண்டு மடங்காகத் தோன்றும்.

எண்ணிக்கையில்லாமல் புகையை மட்டும் அளப்பதில் பயனில்லை என்பதால், லாரிகளை எண்ணவும் ஏற்பாடு செய்தேன். அண்ணன் மகன் தன் பழைய கைபேசியை ஜன்னலில் பொருத்தி, ஒவ்வொரு மணியிலும் பத்து நிமிடம் படம் பிடிக்கும்படி அமைத்தான்; பிறகு உட்கார்ந்து டிரெய்லர், டிப்பர், பேருந்து என்று பிரித்து எண்ணிக் கொடுத்தான். காற்றின் திசைக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்தின் அரைமணிப் பதிவுகள் கிடைக்கின்றன. ஆனால் அது கடலிலிருந்து உள்ளே தள்ளி, நகரத்தின் தெற்கு முனையில் இருப்பதால் கடற்காற்று அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேரும். எனக்கு உதவியது மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் மிஞ்சும் வாயுவை எரித்துவிடும் எரிகோபுரத்தின் தீ. என் மொட்டைமாடியிலிருந்து இரவும் பகலும் தெரியும் அந்தச் சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது, நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டதில், நிலக்காற்று கடற்காற்றாக மாறும் நேரம் நாளுக்கு நாள் துல்லியமாகக் கிடைத்தது. சுடர் நிமிர்ந்து நின்ற இரவுகள்தான் பின்னால் மிக முக்கியமானவை என்று தெரியவந்தது.

ஈரமும் மற்ற இடையூறுகளும்

கடலோரத்தில் இந்தச் சென்சாரை வைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது உப்பின் குணம். கடலிலிருந்து வரும் நுண்ணிய சோடியம் குளோரைடுத் துகள், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் நீரை உறிஞ்சிக் கரைந்து துளியாகப் பருத்துவிடும். பருத்த துளி அதிக ஒளியைச் சிதறடிக்கும். சென்சார் அதை அதிக மாசு என்று எடுத்துக்கொள்ளும். மாசிப் பனி இறங்கும் அதிகாலையில் எங்கள் பெட்டிகள் காட்டிய உயரத்தில் ஒரு பகுதி வெறும் தண்ணீர். இதற்கு அமெரிக்காவில் ஒரு திருத்தச் சமன்பாடு புழக்கத்தில் இருக்கிறது. சென்சார் எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பத சதவீதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழித்து, 5.75ஐக் கூட்டச் சொல்கிறது. அங்குள்ள துகள்களுக்குப் பொருந்திய அந்த எண்களை இங்கே அப்படியே எடுத்தாள எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குப் பதிலாக, ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போன மணிகளை விலக்கிவிட்டு, மீதியை ஒரே ஈரப்பத வரம்பில் உள்ள மணிகளோடு மட்டும் ஒப்பிட்டேன். மூன்று பெட்டிகளும் ஒரே ஈரத்தில் இருப்பதால் கழிக்கும்போது பிழை நீங்கிவிடும் என்று சிலர் நினைப்பார்கள். முழுதும் நீங்காது, ஈரம் எண்ணைப் பெருக்குகிறது, ஆகவே கழித்து வரும் வித்தியாசமும் பெருகித்தான் வரும்.

மற்ற இடையூறுகள் தெருவிலிருந்தே வந்தன. கொசு ஒழிப்புப் புகை வண்டி கடந்துபோனால் சென்சார் சில நிமிடங்களுக்கு உச்சத்துக்குப் போய்விடும். மாலையில் மேல்வீட்டுக் கொசுவர்த்தி, ஞாயிற்றுக்கிழமை எரியும் குப்பைக்குவியல், ஒருநாள் தெருமுனையில் வெடித்த பட்டாசுச் சரம் எல்லாமே பதிவில் இருக்கின்றன. இவற்றுக்கு ஒரு நோட்டில் நேரம் குறித்து வைத்தோம். ஜெராக்ஸ் கடை அக்காவும் தங்கையும் தாங்கள் பார்த்ததைக் குரல்பதிவாக அனுப்பினார்கள். நோட்டில் காரணம் எழுதப்பட்ட உச்சங்களை மட்டுமே நீக்கினேன். பார்க்க அசாதாரணமாக இருக்கிறது என்பதற்காக எந்த எண்ணையும் நீக்கவில்லை, ஏனென்றால் லாரிப் புகையும் அப்படித்தான் திடீர் உச்சமாக வரும். சராசரியைவிட இடைநிலை எண்ணை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, நம்பியதும் இதனால்தான்.

கணக்கு

கணக்கில் இரண்டு கழித்தல்கள் இருக்கின்றன. முதலாவது, சாலையோரப் பெட்டியின் எண்ணிலிருந்து, அதே மணியில் என் மொட்டைமாடிப் பெட்டி காட்டிய எண்ணைக் கழிப்பது. மொட்டைமாடி காட்டுவது ஊர் முழுக்கப் பரவிய காற்று. மணலி, எண்ணூர், கடல், எல்லாம் அதில் அடக்கம். கழித்தபின் மிஞ்சுவதைச் சாலையின் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, தடை வாரங்களில் அந்தக் கூடுதல் எவ்வளவு மாறியது என்பதிலிருந்து, தடையில்லாத எர்ணாவூர்ச் சாலையின் கூடுதல் அதே வாரங்களில் எவ்வளவு மாறியது என்பதைக் கழிப்பது. அங்கும் அதே மொட்டைமாடி எண்ணையே அடிப்படையாகக் கொண்டேன். விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டு: எங்கள் சாலையின் கூடுதல் 20இலிருந்து 10ஆகக் குறைந்தது என்றும், எர்ணாவூரில் 20இலிருந்து 16ஆகக் குறைந்தது என்றும் கொண்டால், எங்கள் சாலையின் பத்தில் நான்கு வானிலை தந்தது, ஆறுதான் தடை தந்தது. முன்னும் பின்னும் மட்டும் பார்த்தவர் பத்து என்று சொல்லியிருப்பார்.

இதையும் எல்லா மணிகளையும் சேர்த்துச் செய்யாமல், கடற்காற்று வீசிய மணிகள், நிலக்காற்று வீசிய மணிகள், காற்றே அசையாத மணிகள் என்று மூன்றாகப் பிரித்துச் செய்தேன். தடை நீங்கிய பிறகும் சில வாரங்கள் அளவீட்டைத் தொடர்ந்தேன். தடை வந்தபோது குறைந்தது, தடை போனபோது திரும்ப ஏறினால்தான் குறைந்ததற்குத் தடையே காரணம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

கிடைத்தது

கடற்காற்று வீசும் பகல் மணிகளில் பலன் தெளிவாக இருந்தது. சாலையின் கூடுதல், எர்ணாவூரைக் கழித்த பிறகும், பாதியளவு குறைந்தது. தடை நீங்கிய வாரமே பழைய இடத்துக்குத் திரும்பியது. லாரி எண்ணிக்கையும் அதே நாட்களில் அதே போக்கில் இறங்கி ஏறியது. பள்ளி விடும் நேரத்தில் சாலையோரம் நிற்கும் பிள்ளையின் மூக்குக்கு எட்டும் காற்று உண்மையிலேயே மேம்பட்டது என்று என்னால் சொல்ல முடியும். என் மொட்டைமாடியிலோ எந்த மாற்றமும் தெரியவில்லை. ஒரு சாலையின் பகல் நேர லாரிகள், சில தெருக்கள் தள்ளி, இந்த ஊரின் மொத்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியும் பங்கு வகிக்கவில்லை. நிலக்காற்று வீசிய அதிகாலைகளில் மூன்று பெட்டிகளும் ஒன்றாகவே ஏறின. அது மேற்கிலிருந்து வருவது, சாலைத் தடைக்கு அடங்காதது.

நான் எதிர்பாராதது இரவில் கிடைத்தது. தடை வாரங்களில் இரவு ஒன்பது மணிக்கே சாலையோரப் பெட்டியின் எண் ஏறத் தொடங்கியது. பத்து மணிக்கு மேல் தடைக்கு முந்தைய இரவுகளைவிடத் தெளிவாக உயர்ந்து, நள்ளிரவு தாண்டியும் இறங்க மறுத்தது. எர்ணாவூரில் அப்படி ஏதும் நிகழவில்லை. காரணத்தை டீக்கடைக்காரர் ஒரே வாக்கியத்தில் சொன்னார். "பகல்ல போவ வேண்டியது எல்லாம் ராத்திரிக்குச் சேந்து வருதுண்ணே, ஒம்போது மணிக்கே வந்து எஞ்சினை ஆஃப் பண்ணாம வரிசையா நிக்கிறானுங்க." அண்ணன் மகனின் எண்ணிக்கையும் அதையே காட்டியது. மாற்றுப்பாதை நீளமென்பதால் பலர் அதில் போகாமல், தடை நீங்கும் நேரத்துக்காக முன்கூட்டியே வந்து காத்திருந்தார்கள். டிரெய்லரின் குளிர்சாதனப் பெட்டிக்கும் ஓட்டுநர் அறையின் மின்விசிறிக்கும் எஞ்சினை ஓடவிட்ட வண்டிகள் சில. பழக்கத்தால் ஓடவிட்ட வண்டிகள் பல.

நேரம் மாறியது மட்டும்தானே, மொத்தப் புகை அதேதானே என்று கேட்கலாம். புகையின் அளவு அதேயானாலும் அது போய்க் கலக்கும் இடத்தின் அளவு மாறிவிடுகிறது. பகலில் வெயிலால் சூடான தரைக்காற்று மேலெழும்பி, பல நூறு மீட்டர் உயரம் வரை புகையைக் கலந்துவிடுகிறது. கடற்காற்று அதை இழுத்தும் செல்கிறது. இரவில் தரை குளிர்ந்ததும் காற்று அடுக்கு தாழ்ந்துவிடுகிறது. நிலக்காற்று தொடங்கும்வரை அசைவும் இல்லை. எரிகோபுரச் சுடர் நேராக நின்ற மணிகளில் அதே எண்ணிக்கை லாரிகள், பகலில் ஏற்றியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகச் சாலையோர எண்ணை ஏற்றின. சாலையை ஒட்டிய வரிசை வீடுகளில் அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகிறார்கள். பங்குனிப் புழுக்கத்தில் வேறு வழியும் இல்லை.

இந்தியாவின் 2009 தர நிர்ணயத்தில் பி.எம் 2.5 துகளுக்கு, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகளுக்கு, 24 மணி நேரச் சராசரியின் வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டலில் 15. இரண்டுமே ஒருநாள் முழுவதற்குமான சராசரிகள். எங்கள் சாலையோரப் பெட்டியின் 24 மணி நேரச் சராசரியை எடுத்தால், பகலில் குறைந்ததும் இரவில் ஏறியதும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டன. தடை நடந்ததே அந்த எண்ணில் தெரியாது. பள்ளி நேரத்தை மட்டும் எடுத்தால் தடை பெரிய வெற்றி. இரவு 9 முதல் 2 வரை எடுத்தால் தடை தீங்கு. ஒரே கோப்பிலிருந்து மூன்று முடிவுகளும் வருகின்றன. ஆகவே ஒரு தற்காலிகக் கட்டுப்பாட்டின் பலனை யார் எழுதினாலும் எந்த மணிகளை எடுத்தார் என்று கேட்காமல் அதை ஏற்கக் கூடாது.

கரி

மேலே சொன்ன எண்களில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பி.எம்.எஸ் 5003 சென்சாரால் 0.3 மைக்ரோமீட்டருக்குக் குறைவான துகளைச் சரியாகக் காண முடியாது. டீசல் எஞ்சின் கக்கும் கரித்துகள்களில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. தவிர, கரி ஒளியைச் சிதறடிப்பதைவிட அதிகம் விழுங்குகிறது. அதாவது எந்தப் புகைக்காக இந்த வேலையைத் தொடங்கினேனோ அதையே சென்சார் குறைத்துக் காட்டுகிறது. மறுமுனையில், சாலை மண்ணின் பெரிய துகள்களும் அதன் கண்ணுக்குத் தப்புகின்றன. அதனால் அது காட்டும் பி.எம் 10 எண்ணை (10 மைக்ரோமீட்டர் வரையான துகள்களுக்கானது) நான் எங்கும் பயன்படுத்தவில்லை. தண்ணீர் லாரி தெளித்ததால் புழுதி குறைந்ததா என்பதை இந்தச் சென்சாரால் சொல்ல முடியாது.

கரிக்கு வேறு வழி தேடினேன். மீன்தொட்டி பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் குழாய் மாட்டி, அதன் முனையில் ஒரு கண்ணாடி இழை வடிதாள் வட்டத்தைப் பிடிப்பானில் பொருத்தி, பகல் வட்டம் ஒன்று, இரவு வட்டம் ஒன்று என்று ஒரே அளவு நேரம் காற்றை இழுக்கவிட்டேன். காற்றோட்டத்தை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு ஓட்டமானியால் சரிபார்த்தேன், ஏனென்றால் தாள் அடைபடும்போது ஓட்டம் குறையும். பிறகு எல்லா வட்டங்களையும் ஒரே விளக்கின் கீழ், ஒரு வெறும் வடிதாளோடு சேர்த்துப் படமெடுத்து, வெண்மை எவ்வளவு குறைந்தது என்று கணினியில் அளந்தேன். விலையுயர்ந்த கரி அளக்கும் கருவிகளும் அடிப்படையில் இதையே செய்கின்றன. தடை வாரத்துப் பகல் வட்டம் சாம்பல் பூத்த வெள்ளை. விளிம்பில் பிடிப்பான் அழுத்திய இடத்தோடு ஒப்பிட்டால்தான் கருமை தெரியும். அதே நாளின் இரவு வட்டம் பென்சிலால் தீற்றியதுபோல் அடர் சாம்பல். விரல் நுனியால் தொட்டால் கரி ஒட்டிக்கொண்டது. தடை நீங்கிய பிறகு இரண்டு வட்டங்களின் வித்தியாசம் சுருங்கியது. சென்சார் சொன்ன கதையையே வடிதாளும் சொன்னது, இன்னும் அழுத்தமாக.

வேலை முடிந்து சென்சார்களைத் திறந்தபோது சாலையோரப் பெட்டியின் விசிறி இறக்கைகளில் கரும்பஞ்சு போல் ஒரு படலம் படிந்திருந்தது. மொட்டைமாடிப் பெட்டியில் அந்த இடத்தில் வெளிர் மண்ணும் சிலந்தி இழையும் மட்டுமே. சாலையோரத்தில் நிரந்தரமாக வைப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஊதித் துடைப்பது நல்லது. வருடத்துக்கு ஒருமுறை புதிய சென்சாரோடு அருகருகே வைத்துப் பார்க்காமல் பழைய எண்ணை நம்பக் கூடாது.

கோப்புகளையும் வடிதாள் படங்களையும் வார்டு கூட்டத்தில் கொடுத்திருக்கிறோம். பள்ளி நேரத் தடையை எடுத்துவிடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அது வேண்டும், பகல் காற்றுக்கும் அது நல்லது. நாங்கள் கேட்டவை இரண்டு. தடை ஒரே நொடியில் நீங்காமல், கிடங்குகளிலிருந்தே வண்டிகளை மணிவாரியாக அனுப்ப வேண்டும். காத்திருக்கும் வண்டிகள் குடியிருப்பை ஒட்டி நிற்காமல், எஞ்சினை நிறுத்தி வேறிடத்தில் நிற்க ஏற்பாடு வேண்டும். இவற்றில் எது நடந்தாலும் அளப்பதற்குச் சாலையோரப் பெட்டி இன்னும் ஜெராக்ஸ் கடை மாடியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த சுற்றில் பகல் வட்டத்தை விட்டுவிட்டு, இரவு 9 முதல் அதிகாலை 5 வரை இரண்டு சாலைகளிலும் ஒரே நேரத்தில் வடிதாளை ஓட்டப்போகிறேன். அதற்கான இரண்டாவது பம்பையும் ஓட்டமானியையும் வாங்கியாகிவிட்டது.